கச்சானுக்கு மேலால

மட்டக்களப்பில் வளர்ந்த எங்களுக்குக் கச்சான் என்றால் (கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று) ஜூலை மாதத்து அனல், முற்றம் நிறையப் புழுதி. அது மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று என்பது, ரத்மலானையிலிருந்து செஸ்னா 172இல் ஊருக்குப் பறந்த அன்றுதான் உடம்புக்கு விளங்கினது.

தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து கிழக்குச் சரிவால் கீழே பாயும். மேற்கே ஒரே முகில். கிழக்கே துடைச்சுவிட்ட வானம். அந்தத் தெளிவுதான் ஏமாற்று. முகடு தாண்டினதும் இருக்கை கீழே நழுவிச்சு. எஞ்சினுக்கு முழு விசையும் கொடுத்தும், மானி நிமிடத்துக்கு 800 அடி இறக்கம் காட்டிச்சு. 9,500 அடியில் இந்த விமானம் நல்ல நாளிலேயே நிமிடத்துக்குச் சுமார் 300 அடிதான் ஏறும். மல்லுக்கட்ட ஏலாது.

கை தன்பாட்டில் மூக்கை உயர்த்தத்தான் பார்க்கும்.

"தூக்காதீங்க தம்பி, வேகத்தைப் பிடிங்க" என்றார் பயிற்சியாளர்.

தூக்கினால் வேகம் செத்து, இறக்கை தாங்காமல் விட்டுரும். உயரம் போனால் போகட்டும் என்று, நிலம் தாழ்ந்த மகியங்கனைப் பக்கம் திருப்பினோம். இரண்டு நிமிடத்தில் 1,500 அடி போயிட்டுது. பிறகு, ஆரோ கையை எடுத்த மாதிரி விட்டிச்சு.

திரும்பும்போது அம்பாந்தோட்டைக் கரையால போவம் என்றார். ஒருத்தரும் மறுக்கல.