வலிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

ஜூன் 8, ஞாயிறு, கும்மிடிப்பூண்டி

ஏழு மாதம் முடிகிறது. சிப்காட்டில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் அக்காக்கள் என் வயிற்றைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: “நார்மலா, ஆபரேஷனா? டாக்டர் என்ன சொல்றாங்க?” பிள்ளை பிறக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே விடை தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 21 சொச்சம்தான். 2015–16 ஆய்வில் நம் மாநிலத்தின் கணக்கு 34. நாலைந்து வருஷத்தில் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கிவிடவில்லை. ஒரு சமூகத்தில் சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது.

அறுவை சிகிச்சையை நான் வெறுக்கவில்லை. என் பெரியம்மா மகளுக்கு நச்சுக்கொடி கருப்பைவாயை மூடிக்கொண்டிருந்தது. கத்தி எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும். தேவைப்படுகிறவளுக்கு அது வரம். எனக்குத் தேவைப்படாமல் போனால், என் உடம்பு தன் வேலையைச் செய்ய விட வேண்டும். அதற்காகத் தயாராக வேண்டும். இந்த நோட்டு அதற்குத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். லீவு தொடங்கிவிட்டதால் நிதானமாகப் போனேன். இஎஸ்ஐயில் 26 வாரம் கிடைக்கிறது. அதில் பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம். பிள்ளையோடு இருக்கும் நாள் குறையும் என்று பலர் கடைசி வாரம் வரை நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். கால் வீங்கியிருந்ததால் நான் முன்னாலேயே எடுத்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. பதினொன்றுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதே கதைதான். நான் இயற்கைப் பிரசவத்துக்கு மூச்சுப் பயிற்சி, யோகா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிராம சுகாதார செவிலியர் அக்கா அட்டையைக் காட்டி, “முதல்ல இதை ஏத்தும்மா. ரத்தம் இல்லாத உடம்புல கொஞ்சம் போனாலும் தாங்காது” என்றார். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போடக் கூடாது, கால்சியத்தோடும் சேர்த்துப் போடக் கூடாது, எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை, முட்டை என்று அத்தை ஒரு பட்டியலே போட்டுவிட்டார்.

ஒன்று புரிந்தது. ஊசியும் மருந்தும் குறைவாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவள்தான் பரிசோதனைகளை ஒன்று விடாமல் செய்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த அளவு, பிள்ளையின் தலை இருக்கும் பக்கம் எல்லாம் சரியாக இருந்தால்தான் “காத்திருக்கலாம்” என்று மருத்துவர் துணிந்து சொல்ல முடியும்.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் வந்திருந்தார். மருந்தே இல்லாமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்வதைப் பற்றிய வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். “நம்ம பாட்டிங்கல்லாம் வீட்டுலதானே பெத்தாங்க?” என்றார். அத்தை சட்டென்று சொன்னார்: “பெத்தாங்க. எங்க பெரியம்மா அப்படித்தான் செத்தாங்க.” அதோடு பேச்சு நின்றது.

2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்தார். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் ஒரு தம்பதி வாட்ஸ்ஆப் குழுவின் ஆலோசனையில் வீட்டிலேயே பெற்றார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள். விஷயம் போலீஸ் விசாரணை வரை போனது. இவர்கள் ஏன் மருத்துவமனைக்குப் பயந்தார்கள் என்று யோசிக்கிறேன். அந்தப் பயத்தில் ஒரு பங்கு நியாயமானது. கேட்காமல் போடும் ஊசி, அதட்டல், அவசரம் ஆகியவற்றைப் பற்றிய பயம் அது. அதற்கு மருந்து வீட்டுப் பிரசவம் அல்ல.

ஆக்ஸிடோசின் என்ற ஒரே மருந்தைப் பாருங்கள். வலியைக் கூட்ட டிரிப்ஸில் ஏற்றுகிறார்களே, அதுதான். வலி தானாக நன்றாக வந்துகொண்டிருப்பவளுக்கு, சீக்கிரம் முடியட்டும் என்று அதை ஏற்றினால், வலி தாங்க முடியாமல் நெருக்கும். பிள்ளையின் இதயத்துடிப்பு தடுமாறலாம். கடைசியில் தியேட்டருக்குப் போக வேண்டிவரும். அதே மருந்தைப் பிள்ளை பிறந்தவுடன் தாயின் தொடையில் ஓர் ஊசியாகப் போட்டால் கருப்பை சுருங்கி ரத்தப்போக்கு தடுக்கப்படுகிறது. முதலாவது எனக்கு ஏன் என்று கேட்பேன். இரண்டாவதைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

ஜூலை 6, ஞாயிறு

வளைகாப்பு. கண்ணாடி வளையல் கை நிறைய. ஐந்து சாதம் கட்டி, மாலையில் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம்.

எங்கள் லைன் வீட்டுக் கடைசி அறையில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணவனுக்கு ரோலிங் மில்லில் வேலை. அவளுக்கும் ஆவணியில்தான் நாள். வளையல் போட்டுக்கொள்ள வந்தவள், என் அம்மா என் தலையில் பூ வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ரயிலில் ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்யும் தூரத்தில் இருக்கிறார். தமிழும் சரியாக வராது. அவளுக்கு வலி எடுக்கும் ராத்திரியில் கணவன் நைட் ஷிப்டில் இருந்தால்?

பிரசவ அறையில் நம்முடைய ஆள் ஒருவர் கூடவே இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சேர்ந்து காட்டியிருக்கின்றன. மருந்தில்லாத மருந்து அது. கையைப் பிடித்துக்கொள்ள, இடுப்பைத் தடவ, தண்ணீர் கொடுக்க, “நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு” என்று சொல்ல ஓர் ஆள். தமிழக அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்ற ஏற்பாடு இருபது வருஷத்துக்கு முன்பே வந்தது. உறவே பக்கத்தில் இல்லாதவளுக்கு யார் வருவது?

கிளம்பும்போது அத்தையிடம் கேட்டேன். “நீ சொல்லணுமா? நான்தான் போகப் போறேன்” என்றார். அந்தப் பெண்ணிடம் தன் நம்பரைக் கொடுத்து, 108க்கு அடுத்தபடியாகச் சேமிக்கச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 22, செவ்வாய், திருவள்ளூர்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். இங்கே பதிவு செய்ததற்குக் காரணம் எளிது. வலி நன்றாகப் போனால் செவிலியர் பார்த்துக்கொள்வார். கோளாறானால் தியேட்டரும் ரத்தமும் அதே கட்டடத்தில் இருக்கும். தலை கீழே திரும்பிவிட்டது. ரத்தம் 11.2.

ஸ்கேனில் கொடி கழுத்தைச் சுற்றியிருப்பதாக இருந்தது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்று நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படிச் சுற்றியிருக்கும், பெரும்பாலும் பிறக்கும்போதே எடுத்துவிடலாம், இதற்காக மட்டும் ஆபரேஷன் செய்வதில்லை என்று மருத்துவர் சொன்னார். பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வேறொரு இடத்தில் இதையே காரணமாகச் சொல்லித்தான் முன்கூட்டியே நாள் குறித்தார்கள். தெரியாதவளின் பயம் எவ்வளவு எளிதாகச் சம்மதமாகிவிடுகிறது!

எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எப்போது வர வேண்டும்? வலி சீராக, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, பேச முடியாத அளவு வரும்போது. அதற்கு முன்னால் வீட்டில் நடக்கலாம், குளிக்கலாம், கஞ்சி குடிக்கலாம். கருப்பைவாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கிறது, அதற்கு முன்னால் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி சொல்கிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் அது கைவிட்டது. எல்லோருக்கும் வழக்கமாக எனிமா கொடுப்பது, தையல் வெட்டுப் போடுவது, வயிற்றை மேலிருந்து அமுக்குவது எதுவும் வேண்டாம் என்கிறது. நடக்கவும் உட்காரவும் விடச் சொல்கிறது. பிறந்த பிள்ளையை உடனே தாயின் மார்பில் போட்டு, ஒரு நிமிஷமாவது கழித்துத் தொப்புள்கொடியை வெட்டச் சொல்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளைக்குப் போகும் ரத்தம் பின்னால் அதன் ரத்தசோகையைக் குறைக்கும்.

உடனே ஓடிவர வேண்டியவற்றையும் சொன்னார்கள். ரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, அதிலும் தண்ணீர் பச்சையாக வருவது, தலைவலியோடு கண் மங்குவது, பிள்ளையின் அசைவு குறைவது. இவை வந்தால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கிண்டிக்கொண்டே அம்மாவிடம் பாடம் நடத்தினேன். உள்ளே வரப்போவது அம்மாதான். வலியில் இருக்கும்போது எனக்குப் பேச்சு வராது. எனக்காக அம்மாதான் கேட்க வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

டிரிப்ஸ் போட வந்தால், எதற்கு என்று கேளுங்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா, பொறுத்தால் பிள்ளைக்கு ஆபத்தா என்று கேளுங்கள். ஆபத்து என்றால் இன்னொரு கேள்வி வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள். ஆபத்தில்லை என்றால் என்னை எழுப்பி நடக்க விடுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், அந்தச் செவிலியர் ராத்திரி முழுக்கப் பல பேரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்.

கடைசி வரியை எழுதும்போதுதான் மனசு கனத்தது. பொறுமையாகக் காத்திருக்க மனம் மட்டும் போதாது, ஆள் வேண்டும். ஒரே நேரத்தில் ஆறேழு பேரின் வலியைப் பார்க்கும் செவிலியரால் யார் பக்கத்திலும் உட்கார முடியாது. அவசரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரசவம் பார்ப்பதற்கென்றே செவிலியர்களுக்கு ஒன்றரை வருஷம் தனிப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018இல் அறிவித்தது. அப்படிப் பயின்றவர்கள் ஒவ்வொரு பிரசவ வார்டுக்கும் போதுமான அளவு வர வேண்டும். கும்மிடிப்பூண்டி லைன் வீட்டில் இருக்கும் ஒடிசாக்காரிக்கும் எனக்கும், ஊசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அளவுக்கு எங்களைக் கவனித்துப் பார்த்த ஒருவர் கிடைக்க வேண்டும்.

எனக்குச் சிசேரியன் ஆனாலும் வருத்தப்படப் போவதில்லை. காரணம் சொல்லி, என்னிடம் கேட்டு, அவசியம் என்பதால் செய்தால் அதுவும் நல்ல பிரசவம்தான். அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.