கண் சிகிச்சையும் தொழுகையும்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் கண்பார்வையைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "கொஞ்சம் மங்கல்தான், புரை முற்றட்டும், பார்க்கலாம்" என்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் கூறினர். முற்றிய புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்த காலம் அது. இன்று கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்துகிறார்கள். 1992ஆம் ஆண்டு மதுரையில் அரோலேப் நிறுவனம் அதைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியபின் அது ஏழைக்கும் எட்டியது. அன்றாட வேலைக்கு இடையூறு என்றால் போதும். முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லா மங்கலும் புரையன்று. கண் நீர் அழுத்த நோய் வலியின்றி, பெரும்பாலும் பக்கப் பார்வையிலிருந்து அரித்துக்கொண்டு வரும். புரை மறைத்த பார்வையை மீட்கலாம். இந்நோய் கொண்டுபோனதை மீட்க இயலாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலோ வேறு சிகிச்சையாலோ காக்கலாம், அவ்வளவே. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு விழித்திரையும் கெடக்கூடும் என்பதால் அவர்கள் ஆண்டுதோறும் அதனைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பெரியம்மா இரண்டு ரமலான்களைத் தள்ளிப்போட்டார்கள். "ஆபரேஷன் செய்தால் ஸஜ்தா கூடாதாமே, பர்ளுத் தொழுகையை எப்படி விடுவது?" என்பது அவர்களின் கவலை. இறுதியில் பரிசோதித்தபோது புரையுடன் கண் அழுத்தமும் இருந்தது. இடக்கண்ணின் பார்வை பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

அந்தக் கவலைக்கு நம் ஃபிக்ஹு நூல்கள் என்றோ விடை சொல்லிவிட்டன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் பணியாற்றிய அம்மார் இப்னு அலீ அல் மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தார். புரைக்கு ஊசியிட்டபின் நாட்கணக்கில் மல்லாந்து படுத்திருக்க வேண்டிய காலம் அது. ஆகவே சட்ட அறிஞர்கள் இக்கேள்வியை நேரிலேயே சந்தித்தார்கள். நம்பகமான மருத்துவர் தடுத்தால், சைகையால் தொழுதாலே நிறைவேறிவிடும் என்று ஹனஃபீ அறிஞர்கள் எழுதியுள்ளார்கள். அமர முடிந்தவர் அமர்ந்து, ருகூவைவிட ஸஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தலைதாழ்த்துவார். தொழுகையை விடவேண்டியதே இல்லை! இன்று குனிவதற்கான தடை பொதுவாகச் சில நாட்களே. கண்ணில் தண்ணீர் படக்கூடாத நாட்களின் உளூவுக்கும் சலுகை உண்டு; உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

நோன்பு நாட்களில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவோரும் இருக்கிறார்கள். கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலை. ஒரு மாதம் மருந்தின்றி அழுத்தம் ஏறினால் இழப்பு கண்ணுக்குத்தான்.

சிகிச்சைக்கு நெடுந்தூரம் அலைய வேண்டாம். இவ்விரு ஊர்களுக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மரும், 2003இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண்ணாடிக்காகச் செல்லும்போதே, "கண் அழுத்தத்தையும் நரம்பையும் பாருங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. பெரியம்மாவின் மக்கள் மூவரும் சோதித்துக்கொண்டார்கள். மூத்தவருக்குத் தொடக்க நிலையிலேயே தெரிந்துவிட்டது. இரவு இஷா தொழுததும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்.