சத்தம் போனது, சொல் போகவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்தார். கல்வராயன் மலைப் பிள்ளை. கையில் ஒரு பலாப்பழம். இப்போது ஆண்டெனா ஆராய்ச்சி செய்கிறார்.

"என்ன ஆண்டெனாப்பா?"

"அல்ட்ரா-வைட்பேண்ட் சார்."

நம் மாவட்டம் பிறந்த அதே 2019-இல் ஐஃபோன் 11-க்குள் வந்த தொழில்நுட்பம் இது. மலையில் கைதட்டி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுவோமே, அது போலத்தான். இங்கே கைதட்டல் ஒரு ரேடியோ துடிப்பு. நானோ செகண்ட் அளவுதான் நீடிக்கும். ஒரு நானோ செகண்டில் ஒளி போகும் தூரம் 30 செ.மீ. அவ்வளவு குறுகிய துடிப்புக்கு அகலமான அலைவரிசை வேண்டும். அமெரிக்கா 2002-இல் இதற்கு 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை அனுமதித்தது.

"அப்போ எல்லா அலைவரிசையும் பிடிக்கிற ஆண்டெனா இருந்தா போதுமே?" என்றேன்.

"போதாது சார். எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்."

மீன்முள் மாதிரி குட்டையிலிருந்து நெட்டைவரை கம்பி அடுக்கிய லாக்-பீரியாடிக் ஆண்டெனாவைப் படம் போட்டுக் காட்டினார். அதிர்வெண் கூடிய அலை குட்டைக் கம்பியிலிருந்தே கிளம்பிவிடும். குறைந்தது நெட்டைக் கம்பி வரை போய்த் தாமதமாகக் கிளம்பும். ஒரு 'டக்' என்று அனுப்பினால் 'கீ...ஈ...கும்' என்று இழுத்துக்கொண்டு போகும். 1979-இல் கிப்சன் அறிமுகப்படுத்திய, வாய் விரிந்த விவால்டி வகையில் இந்த இழுவை குறைவு.

இன்னொரு தொல்லை, ஆண்டெனாவின் முனையில் மோதித் திரும்பும் மின்னோட்டம். துடிப்பு முடிந்த பிறகும் மணி மாதிரி ரீங்காரம் கேட்கும். மண்ணுக்கடியில் குழாய் தேடும் ரேடாரில், குழாயின் சன்னமான எதிரொலியை இந்த ரீங்காரம் மூடிவிடும்.

"பவரை ஏத்தினா?"

"ரீங்காரமும் சேர்ந்து ஏறும் சார். முனையில மின்தடை வச்சு அதை உறிஞ்சணும். கொஞ்சம் பவர் வீணாகும், பரவாயில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நம்ம தகரக் கூரை வகுப்பு மாதிரிதான் சார். ஒரு சொல் அடங்கறதுக்குள்ள அடுத்தது மேல ஏறிக்கும். கடைசி பெஞ்சுல எங்களுக்கு சத்தம் வரும், சொல் வராது."

எனக்குச் சுருக்கென்றது. மலையில் வேலை பார்த்த அந்த வருஷங்களில், பின்னால் இருந்தவர்களுக்குப் புரியவில்லை என்றால் இன்னும் உரக்கக் கத்தினேன். பவரை ஏற்றினேன்! அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை எத்தனை முறை 'மந்தம்' என்றேன். அவன் பத்தாவதோடு நின்றுவிட்டான்.

இயற்பியல் வாத்தியார் நான். எதிரொலிப் பாடத்தை அந்தக் கூரைக்குக் கீழேதான் நடத்தினேன்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலி வகுப்பறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ரீங்காரம் நீடித்தால் பின்சுவரில் சாக்கையோ பழைய துணியையோ தொங்க விடுங்கள். நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். பையன் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் இப்போது மரவள்ளி பயிர் செய்கிறானாம். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். போனில் பேச மனம் வரவில்லை. வரும் வாரம் வெள்ளிமலை பஸ் ஏறுகிறேன்.