தூரடியைக் காட்டிய கேமரா

மன்னார்குடியை அடுத்த ஒரு கிராமத்தில் மூன்று ஏக்கரில் சம்பா போடும் அந்த விவசாயி, 58 வயது வரை கேமராவைக் கையில் பிடித்ததே இல்லை. கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதோடு சரி. அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு கிடேரிக் கன்று ஒன்றை விற்று, தண்ணீர் புகாத கேமரா வாங்கினார். ஊரில் சிரித்தார்கள். காரணம் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தைய மார்கழி. ஆந்திரா பொன்னி நட்டிருந்தார். வயல் நடுவே ஓரிடத்தில் பயிர் வட்டமாக மஞ்சளடித்தது. வரப்பில் நின்றபடியே செல்போனில் ஒரு படம் எடுத்து, விவசாய இதழ் ஒன்றின் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பினார். மறுநாளே போனில் பதில் வந்தது. ‘சத்துக் குறைபாடாகவும் இருக்கலாம், புகையானாகவும் இருக்கலாம். மேலிருந்து எடுத்த படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரடியை எடுத்து அனுப்புங்கள்.’

அவரும் வயலில் இறங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கையால் பயிரை விலக்கி, மறுகையில் போனைப் பிடித்தார். ஈர விரலுக்குத் தொடுதிரை கேட்கவில்லை. அழுத்தித் தேய்த்ததில் போன் வழுக்கிச் சேற்றில் விழுந்தது. அதோடு அதன் ஆயுள் முடிந்தது. படமும் போகவில்லை, பதிலும் வரவில்லை. சத்துக் குறைபாடுதான் என்று தானே முடிவுகட்டி யூரியா தூவினார். உண்மையில் அது புகையான். தழைச்சத்து கூடினால் புகையானுக்குக் கொண்டாட்டம். இரண்டு வாரத்தில் ஒன்றரை மா பயிர் தீய்ந்து சாய்ந்தது.

அறுவடை முடிந்ததும், கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி மகனிடம் போனார்.

“நல்ல கேமராவா ஒண்ணு சொல்லுப்பா. மெகாபிக்ஸல் ஜாஸ்தியா இருக்கணும். ஜூம் இருந்தா, வரப்புல நின்னே எடுத்துடுவேன்.”

“வரப்புல நின்னு எடுத்ததாலதானே பெரியப்பா போன தடவை ஏமாந்தீங்க? எதைப் பார்க்கணும்னு சொல்லுங்க, கேமராவை அப்புறம் பார்க்கலாம்.”

பார்க்க வேண்டியது, நெல் தூரில் ஒட்டியிருக்கும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் பூச்சி. இடம், முழங்கால் சேறு. கை எப்போதும் ஈரம். இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டுதான் தம்பி மகன் தேட ஆரம்பித்தான்.

கடைக்காரர்கள் முதலில் சொன்னது ஆழக் கணக்கு. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்.பி. 140 கேமரா 25 மீட்டர் ஆழம் தாங்கும். ஒலிம்பஸ் டி.ஜி. 6 தாங்குவது 15 மீட்டர்தான். இரண்டுமே 2019-ல் வந்தவை. பெரியவருக்கு 25 மீட்டர் மேல்தான் ஆசை. “முத்துக் குளிக்கவா போறீங்க? நம்ம வயல்ல ஒரு அடி தண்ணிதானே!” என்றான் தம்பி மகன். டி.ஜி. 6 கேமராவில் லென்ஸ் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள பொருளையும் துல்லியமாக எடுக்கும் வசதி இருக்கிறது. 12 மெகாபிக்ஸல்தான், பூச்சியை அடையாளம் காண அது தாராளம். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டது. தொடுதிரை கிடையாது, எல்லாம் பட்டன்தான். அதுதான் பெரியவருக்குப் பிடித்தது.

2023-ல் வந்த டி.ஜி. 7 கேமராவுக்கும் ஆழக் கணக்கு, கிட்டத்தில் எடுக்கும் வசதி எல்லாம் ஏறக்குறைய அதே. பழைய மாடலே போதும் என்று முடிவானது. ஒருவர் பயன்படுத்திய கேமரா பாதி விலைக்குக் கிடைத்தும் தம்பி மகன் வேண்டாம் என்றான். பேட்டரி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர்தான் இந்தக் கேமராவுக்கு உயிர். அது எத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. போர் மோட்டாரில் ஓ-ரிங் போனால் என்ன ஆகும் என்று பெரியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பராமரிப்பையும் அந்தக் கணக்கிலேயே பழகிக்கொண்டார். வயலில் வைத்து மூடியைத் திறப்பதில்லை; பேட்டரி மாற்றுவதெல்லாம் வீட்டில், கை துடைத்த பிறகு. ரப்பரில் ஒரு முடியோ மணலோ சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் வாளித் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, ஈரம் காய்ந்த பிறகே திறக்கிறார். வேகமாக அடிக்கும் குழாயில் காட்டுவதில்லை. ஆழக் கணக்கு அசையாத தண்ணீருக்குத்தான். வண்டிமேல் வெயிலில் வைத்துச் சூடேறிய கேமராவைத் தண்ணீரில் முக்கினால் லென்ஸின் உட்பக்கம் பனி படரும் என்பதால் நிழலில்தான் வைக்கிறார். இந்தக் கேமரா மிதக்காது. அதனால் கழுத்தில் சிவப்பு நைலான் கயிறு.

வரப்பில் நின்று பார்க்க வேண்டிய வாழை, காய்கறிக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. போன் கேமராமேல் மாட்டும் சிறு கிளிப் லென்ஸே போதும் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

இந்தச் சம்பாவில் எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டார். கார்த்திகைக் கடைசியில் தினமும் நாலைந்து இடத்தில் குனிந்து, தூரடியில் கேமராவை வைத்தார். ஒரு காலை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தண்டோடு ஒட்டிய பழுப்புப் பூச்சிகள் தெரிந்தன. அருகிலேயே சிலந்திகளும் இருந்தன. வயல் முழுக்க, ஒரு குத்து, தூரடி என மூன்று படங்கள் எடுத்து அனுப்பினார். ‘புகையான்தான். எண்ணிக்கை குறைவு, சிலந்தியும் இருக்கிறது. இப்போது மருந்து வேண்டாம். தண்ணீரை வடித்து, காயப்போட்டுப் பாய்ச்சுங்கள். யூரியாவை நிறுத்துங்கள்’ என்று பதில் வந்தது. அன்றே மடையைத் திறந்தார். பயிர் சாயவில்லை.

“முப்பது வருஷமா வரப்புல நடந்தே விவசாயம் பார்த்தீங்க. கன்னுக்குட்டியை வித்துத்தான் குனியக் கத்துக்கணும்னு இருந்திருக்கு” என்றார் மனைவி. அவர் மறுத்துப் பேசவில்லை. தை அறுவடை முடிந்ததும் கேமராவின் ரப்பரை மாற்றக் கும்பகோணம் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும் என்று தம்பி மகன் சொல்லியிருக்கிறான்.