ஆய்வேட்டை

டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொரு மணிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடிக்கும். நெல்லைச் சீமையில் சீர்திருத்தச் சபையார் ‘கோயில்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். ‘சர்ச்’ என்னும் சொல் எங்கள் வாயில் இன்னும் ஒட்டவில்லை. போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பிள்ளைகளை எழுப்பி, முகம் கழுவி, புத்தாடை உடுத்தி, அரைத் தூக்கத்தில் நடத்திக் கூட்டிச் செல்வதே ஒரு பெரும்பாடு. பன்னிரண்டுக்குச் சற்று முன்னர் சபையார் அனைவரும் முழங்காலில் நின்று மௌனமாக ஜெபிப்போம். புத்தாண்டு பிறந்ததும் மணியோசை, கைகுலுக்கல், வாழ்த்து. அதன்பின் வாக்குத்தத்த அட்டை. வேதவசனம் அச்சிட்ட சிற்றட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். கைக்கு வந்த வசனம் அந்த ஆண்டுக்குரியது.

அட்டையின் பின்புறம் வெறுமையாக இருக்கும். திருமணமான முதலாண்டில், அவ்வெற்றிடத்தைக் கண்டு ஆசைப்பட்டு, அந்த ஆண்டில் செய்துமுடிக்க வேண்டியவற்றைப் பென்சிலால் எழுதி வைத்தோம். அது வழக்கமாயிற்று. வீட்டுக்கடன், ஆச்சியின் கண் அறுவை, மாடிக்கு ஒரு படிக்கட்டு என்று எழுதியவை ஒவ்வொன்றாக நிறைவேறின. 2021 முதல் 2024 வரை நான்கு அட்டைகளில் மட்டும் ஒரே வரி இடம்மாறாமல் நிற்கிறது: ‘ஆய்வேட்டை முடித்தல்.’

எங்களில் ஒருவர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். மற்றவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தது பின்னவரே எனினும், பகுதிநேர ஆய்வு என்பது ஒருவர் தனித்துச் செய்வதன்று. ஒருவர் படிக்க மற்றவர் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பிழை திருத்த வேண்டும். ஆகவே ‘எங்கள் ஆய்வேடு’ என்று சொல்வதில் பிழையில்லை. பட்டமின்றிப் பதவி உயர்வு இல்லை. எங்கள் வகுப்பில் பயின்ற மாணவர் இருவர் பட்டம் பெற்று, எங்களைக் கருத்தரங்கங்களில் பார்க்கும்போது, ‘இன்னும் முடிக்கலையா ஐயா?’ என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

ஆய்வுப் பொருள், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. 1827இல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இப்பெருங்காப்பியம், ‘நற்போதகம்’ இதழில் பல்லாண்டுகள் பகுதி பகுதியாக வந்து, 1894இல் நூலாயிற்று. நூல் வெளிவந்தபோது ஆசிரியருக்கு அறுபத்தேழு வயது. இந்தக் கணக்கைச் சொல்லி நாங்கள் ஒருவரையொருவர் பலமுறை தேற்றிக்கொண்டிருக்கிறோம்.

மணமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள் மகள். இப்போது ஏழு வயது. அவளுக்கு மூன்றாண்டு இளையவன் மகன். மக்களில்லாத அக்காலத்தில், பாண்டியன் அறிவுடைநம்பியின் புறப்பாடலை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். குறுகுறு நடையும், நீட்டிய சிறுகையும், நெய்ச்சோற்றைப் பிசைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் மழலையும் அப்பாட்டில் உண்டு. அருஞ்சொற்பொருள் சொன்னோம், துறை சொன்னோம், தேர்வுக்கு வினாவும் எடுத்தோம். மகள் முதன்முதலாகப் பருப்புச் சோற்றைத் தன் தலையில் தேய்த்துக்கொண்டு, மீதியை எங்கள் சட்டையில் தேய்த்த நாளில்தான், அரசன் ஒருவன் செல்வத்தையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு ஏன் இதைப் பாடினான் என்பது விளங்கிற்று. அன்று இருவரும் உண்ணாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பருப்பு காய்ந்து, குளிப்பாட்டுவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று.

ஆனால் இன்பங்களை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

2023இல் ஞாயிறு பள்ளி விழாவில் மகள் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்ல இருந்தாள். ஆறு வசனங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே அப்போதுதான் கற்றிருந்தாள். ஆச்சி சொல்லச் சொல்லக் கேட்டே கற்றாள். அந்த வாரம் எங்களில் ஒருவர் பழைய இதழ்கள் தேடிச் சென்னையில் ஒரு நூலகத்தில் இருந்தார். ஞாயிறு காலையில் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. மற்றவர் வீட்டில் தங்கிவிட்டார். ஆச்சிதான் அவளை அழைத்துச் சென்றார். ஒரு சொல்லும் தவறாமல் சொன்னாளாம். சபை முழுவதும் கைதட்டியதாம்.

திங்கள் இரவு இருவரும் எதிரில் உட்கார்ந்து, ‘எங்களுக்கும் சொல்லும்மா’ என்று கேட்டோம். அவள் கோபப்படவில்லை. பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டே, ‘அது கோயில்ல சொல்றதுல்லா’ என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை அவள் அதை எங்களுக்குச் சொல்லிக் காட்டவில்லை. சென்னையிலிருந்து கொண்டுவந்த குறிப்புகள் மூன்றாம் இயலில் இரண்டு பக்கங்களாயின. நல்ல பக்கங்கள்தாம். அவற்றைத் திருத்தும்போதெல்லாம் அந்தப் பொம்மையின் கூந்தல் நினைவுக்கு வருகிறது.

இனி, 2024 டிசம்பர் 31ஆம் நாள் இரவுக்கு வருவோம். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயரவாள் மௌன ஜெபத்துக்கு அழைத்தார். கோயில் முழுவதும் முழங்காலில். மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கிறது. மகளுக்கு அவ்வாண்டில் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் நோய் பிடித்திருந்தது. பேருந்தின் நெற்றி, உரமூட்டை, மருந்துப்புட்டி எதையும் விடுவதில்லை. எங்கள் பாமாலைப் புத்தகத்துக்குள் செருகியிருந்த பழைய அட்டை அவள் கையில் சிக்கிவிட்டது. திருப்பினாள். அந்தப் பேரமைதியில், மணிமணியான குரலில், சொல்லைப் பிளந்து படித்தாள்:

‘ஆய்... வேட்டை... முடித்தல்!’

ஆய்வேடு என்னும் சொல் ஐயுருபு ஏற்கையில் நன்னூலார் விதிப்படி டகரம் இரட்டித்து ‘ஆய்வேட்டை’ ஆகும். பொதியமலை நாட்டை ஆண்ட ஆய் அண்டிரன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். இவையெல்லாம் மெய்யே. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு ‘ஆய்’ என்றால் ஒரே பொருள்தான். தூங்கிக்கொண்டிருந்த மகன் துள்ளி எழுந்து, ‘ஆயா? எங்க? யாரு போனா?’ என்று கோயில் அதிரக் கேட்டான்.

முன்வரிசையில் ஒரு பெரியவரின் தோள்கள் குலுங்கின. பின்னால் யாரோ இருமலாக மாற்றப் பார்த்துத் தோற்றார்கள். நாங்கள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருக்கப் பாடுபட்டோம். பார்த்துவிட்டோம். அதன்பின் அடக்க இயலவில்லை. பிள்ளைகளும் காரணம் புரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள். மணி அடித்தது நல்லதாயிற்று. வாழ்த்துச் சொல்ல வந்த ஐயரவாள் மகனின் தலையைத் தடவி, ‘வேட்டை முடிஞ்சிட்டா தம்பி?’ என்று கேட்டுவிட்டுப் போனார். நான்காண்டு ஜெபத்தில் பெறாத ஓர் இலேசு, அந்தச் சிரிப்பில் எங்களுக்குக் கிடைத்தது என்றால் மிகையில்லை.

வீடு திரும்பிப் பிள்ளைகளைக் கிடத்தியபின் புதிய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தோம். எழுத ஓடவில்லை. பன்யனின் கதையில், நாயகன் நகரத்தைவிட்டு ஓடும்போது மனைவியும் மக்களும் திரும்பி வரும்படி கூவி அழைப்பார்கள். அவன் காதுகளில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஓடுவான். இக்காட்சியை ‘உலகப் பற்றைத் துறத்தல்’ என்று எங்கள் ஆய்வேட்டில் ஒரே வரியில் கடந்திருந்தோம். ஆன்ம மீட்புக்காக ஓடியவனுக்கு அது தகும். ஒரு பட்டத்துக்காக, அதுவும் இத்தனை காலம் காத்திருந்து பெற்ற மக்களின் குரலுக்கு, நாங்கள் காதடைத்துக்கொண்டது தகுமா? பன்யனுக்கே அது நெருடியிருக்குமோ என்று தோன்றியது. 1678இல் முதற்பாகத்தை வெளியிட்டவர், 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, அந்த மனைவியையும் நான்கு மைந்தரையும் அதே வழியில் நடத்திக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இம்முறை பயணம் மெதுவாகவே நடக்கிறது. இடையில் தங்குகிறார்கள், ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது, மருத்துவர் மருந்து கொடுக்கிறார்.

அவ்வயிற்றுவலியை எண்ணிப் பார்த்தபின் எழுதுவது எளிதாயிற்று. கால நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது. விடியற்காலை நான்கு முதல் ஆறு வரை எழுதுவது. மாலை ஆறு மணிக்குமேல் ஏட்டைத் தொடுவதில்லை. ஞாயிறு கோயிலுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. பதவி உயர்வு இன்னும் தள்ளிப்போகும் என்பதை அறிந்தே எழுதினோம்.

காலையில் பிள்ளைகளும் அட்டையில் இடம் கேட்டார்கள். மகள், ‘சைக்கிள் ஓட்டணும்; தம்பிக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கணும்’ என்று தானே எழுதினாள். மகன் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம்: ‘பல்லி பிடிக்கணும்.’ எங்கள் பட்டியலின் தலைப்பில் என்ன வரவேண்டும் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. அவன் விருப்பப்படி, சந்தி பிரித்து, நடுவே நல்ல இடைவெளி விட்டு, ‘ஆய் வேட்டை’ என்றே எழுதியிருக்கிறோம். நான்கு இயல்கள் முடிந்தன, இரண்டு எஞ்சியிருக்கின்றன. பல்லி இன்னும் அகப்படவில்லை.