அடுத்த பக்கத்தில் மூன்று பெண்கள்



 நான் இருக்கும் ஜப்பானின் கோபே நகரத்தில், சன்னோமியா ஸ்டேஷனிலிருந்து டிரைவர் இல்லாத ரயில் ஒன்று கிளம்புகிறது. ஏறி உட்கார்ந்தால் சற்று நேரத்தில் கடலைத் தாண்டி போர்ட் ஐலண்டில் இறங்கலாம். மலையை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டி மனிதர்கள் எழுப்பிய தீவு அது. 1995 நிலநடுக்கத்தில் துறைமுகம் நொறுங்கிக் கப்பல்கள் வேறு ஊர்களைப் பார்த்துப் போய்விட, பிழைப்புக்கு வழி தேடிய நகரம் இந்தத் தீவில் மருத்துவ ஆராய்ச்சியைக் கொண்டுவந்து வைத்தது. இங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் 2014 செப்டம்பர் 12 அன்று, எழுபதைக் கடந்த ஓர் அம்மாளின் கண்ணுக்குள், அவருடைய தோலிலிருந்தே வளர்த்தெடுத்த படலம் ஒன்றை வைத்தார்கள். ஐபிஎஸ் செல்லிலிருந்து செய்த ஒன்றை மனித உடலுக்குள் வைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

ஐபிஎஸ் என்பது கியோத்தோவின் ஷின்யா யமனக்கா கண்டுபிடித்த வித்தை. வளர்ந்து முடிந்த சாதாரண செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது கருவில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதன்பின் அதை நரம்பாகவோ தசையாகவோ வளர்க்கலாம். 2006இல் எலியிலும் 2007இல் மனித செல்லிலும் செய்து காட்டினார். 2012இல் நோபல் பரிசு வந்தது. உடனே பத்திரிகைகள் இதயம், மூளை, சர்க்கரை நோய் என்று பட்டியல் போட்டன. ஆனால் முதலில் மனிதர் வரை வந்து சேர்ந்தது ரிக்கென் ஆய்வு நிலையத்தின் கண் டாக்டர் மசாயோ தகஹாஷி.

கண் ஏன் முந்தியது என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. வயதானவர்களுக்கு வரும், அந்த அம்மாளுக்கும் வந்திருந்த, மாக்குலா எனும் விழித்திரை நடுப்பகுதியின் சிதைவில் பழுதாவது விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அடுக்கு நிறமிப் படலம். அதற்குக் கொஞ்சம் செல் போதும். அந்த செல்கள் முதிரும்போது தாமே பழுப்பு நிறம் ஏறி, தேனடை மாதிரி அறுகோணமாக ஒட்டி நிற்கும். எது தேறியது எது தேறவில்லை என்று கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கலாம். வைத்த பிறகும் கண்மணி வழியாகத் தினம் தினம் எட்டிப் பார்க்க முடியும். கட்டி எதுவும் தலைகாட்டினால் லேசரால் சுட்டுவிடலாம். இதயத்திலோ ஈரலிலோ வைத்த பிறகு இப்படி எட்டிப் பார்க்க ஜன்னல் கிடையாது. மனிதரிடம் முதல் தடவை வைக்கிறவர், தவறிப்போனால் திரும்ப வழி இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தார் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

அம்மாளின் தோலை எடுத்ததிலிருந்து படலம் தயாராகப் பத்து மாதம் ஆனது. நீளம் மூன்று மில்லிமீட்டர், அகலம் ஒன்றேகால் சொச்சம். செலவு சுமார் பத்துக் கோடி யென் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அந்த வருடம் ரிக்கென் இருந்த நிலைமையையும் சொல்லவேண்டும். அதே நிலையத்திலிருந்து வந்த ஸ்டாப் என்ற புதுவகை ஸ்டெம் செல் பற்றிய ஆய்வு பொய்யென்று தெரிந்து, ஜூலையில் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றிருந்தவரும் விழித்திரை செல்லை வளர்க்கும் முறைகளில் முன்னோடியுமான யோஷிகி சசாய் ஆகஸ்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம்தான் இந்த ஆபரேஷன்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது படலம் வைத்த இடத்தில் இருந்தது. கட்டி இல்லை. பார்வை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். ஆனால் முதல் கட்டப் பரிசோதனை கேட்கும் கேள்வி 'கெடுதல் செய்கிறதா?' என்பது மட்டும்தான். அதற்கு அன்று கிடைத்த பதில், ஒரே ஒரு கண்ணில், இல்லை.

இரண்டாவது நோயாளிக்கும் செல்கள் தயாராயின. வைக்குமுன் மரபணுவைப் படித்துப் பார்த்தால், அவருடைய தோலில் இல்லாத ஆறு மாற்றங்கள் புதிய செல்லில் இருந்தன. அவற்றால் புற்றுநோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை. வராது என்றும் சொல்ல முடியவில்லை. தகஹாஷி நிறுத்திவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையில் தயாராக இருக்கும் செல்லை வைக்காமல் விட்ட அந்த முடிவைத்தான் முதல் ஆபரேஷனைவிடப் பெரிதாக நினைக்கிறேன். 2017இல் தானமாகப் பெற்ற செல்லைக் கொண்டு மறுபடி தொடங்கி ஐந்து பேருக்குச் செலுத்தினார்கள். ஒருவருக்குக் கண்ணில் வீக்கம் வந்து, உருவான சவ்வை ஆபரேஷன் செய்து எடுக்க நேர்ந்தது. அதையும் மறைக்காமல் அறிவித்தார்கள்.

முதல் நோயாளி பற்றிய கட்டுரை 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அது முடிந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் பார்வை இழந்த கதை. எழுபத்திரண்டு முதல் எண்பத்தெட்டு வயது. மூவருக்கும் மாக்குலா சிதைவுதான். ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, 'ஸ்டெம் செல்' என்று சொல்லி, ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். ஐயாயிரம் டாலர் வாங்கினார்கள். கோபேயில் பத்து மாதம் எடுத்த தயாரிப்பு அங்கே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அரசாங்கத்தின் பரிசோதனைப் பதிவுத் தளத்தில் கிளினிக்கின் பெயர் இருந்ததால் இது ஆராய்ச்சி என்றே நம்பி வந்ததாக அவர்களில் சிலர் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு ஜப்பான் யோக்கியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2014 நவம்பரில் வந்த சட்டப்படி, செல்லால் செய்த சிகிச்சைப் பொருளின் பாதுகாப்பு தெரிந்து பலன் இருக்கலாமென்று ஊகிக்க இடமிருந்தால் போதும், ஏழு ஆண்டு வரை நிபந்தனையோடு விற்க அனுமதி உண்டு. தொடைத் தசை செல்லால் செய்த ஹார்ட்ஷீட் என்ற இதயப் போர்வைக்கு ஏழே நோயாளிகளின் ஆய்வை வைத்து 2015இல் அனுமதி கொடுத்தார்கள். பலன் நிரூபணமாகவில்லை என்று நிபுணர் குழு சொன்னது 2024இல். நடுவிலே இத்தனை வருடம், நிரூபணமாகாத சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடும் நோயாளியும் பணம் கட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, இன்னொரு சட்டத்தின் நிழலில் தனியார் கிளினிக்குகள் முழங்கால் முதல் முகச்சுருக்கம் வரை எல்லாவற்றுக்கும் செல் ஊசி போடுகின்றன. வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இதை மருத்துவச் சுற்றுலா என்று பெருமை பேசுவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. மசாயோவின் கணவர் ஜுன் தகஹாஷியின் குழு கியோத்தோவில் ஏழு பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் தானமாகப் பெற்ற ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த நரம்பு செல்களை வைத்தது. முடிவு 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது: பெரிய பாதகம் யாருக்கும் இல்லை, பலனை அளந்த ஆறு பேரில் நால்வருக்கு, மருந்து ஓய்ந்த நேரத்திலும் உடல் அசைவு தேறியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை என்பதை மறக்கக்கூடாது.

இவ்வளவையும் எழுத வைத்தது மதுரையிலிருந்து வந்த ஒரு போன். சித்தப்பாவுக்கும் மாக்குலாதான், சிதைவைத் தடுக்கக் கண்ணுக்குள் மருந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். யாரோ ஏஜெண்ட் விளம்பரம் அனுப்பியிருக்கிறான். "ஏம்ப்பா, உங்க ஊர்லதான் செல் வைக்கிறாங்களாமே, நிலத்தை வித்துட்டு வந்துரட்டுமா?" என்றார். முறையான முதல் கட்டப் பரிசோதனையில் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு கேட்கும் வழக்கம் இல்லை சித்தப்பா, ஏஜெண்ட் எவ்வளவு கேட்கிறான் என்றேன். சொன்னார். இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளிலா என்று கேட்டேன். ஆமாம், அதுக்குத் தள்ளுபடி உண்டாம் என்றார்.

ஃபுளோரிடாவைப் பற்றிச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நிஜமானது எப்ப வரும்?" என்றார். வருஷம் சொல்ல முடியாது, வரும்வரை விழித்திரை மிச்சமிருக்க வேண்டும், அடுத்த மாத ஊசியைத் தவறவிடாதீர்கள் என்றேன். அவருக்குக் கோபம்தான். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருப்பதாகச் சித்தி மறுநாள் செய்தி அனுப்பினார்.


கோபேயிலிருந்து உங்கள் மடல்காரன்