நட்டவர்கள் யார்?

சென்ற ஞாயிறன்று, பதினைந்து வயதான தமக்கை மகனுடன் திகனையிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குச் சென்றோம். நித்தம் காணும் நகர்தான். எனினும் அதன் சரித்திரத்தைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்பது நமது ஆசை.

மகுல் மடுவ மண்டபத்தில் நின்று, 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியதையும், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் மாண்டதையும் சொன்னோம். அமைதியாகக் கேட்டான்.

வாவிக் கரைக்கு வந்ததும் எதிரே ஹந்தானை மலை தெரிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட கதையைத் தொடங்கினோம்.

"மாமா, அவ்வளவையும் அவர் ஒருவரா நட்டார்?"

நாம் திகைத்தோம். மன்னனையும் துரையையும் சொன்ன நாம், மன்னாரில் கரையிறங்கி, காடு கடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்பி மாத்தளை வழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரை மறந்துவிட்டோம்! 1947இல் வாக்களித்த அம்மக்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியோருக்குச் சட்டம் வழிவிட்டது 2003இல்தான்.

இவற்றைக் கேட்டவன் சொன்னான்: "அடுத்த ஞாயிறு மாத்தளைப் பாதைக்குப் போவோம், மாமா."

அவ்வழியில் அவனே நமக்கு ஆசிரியன்.